ஒரே நம்பர், வேறு வேகம்: பழைய லெப்டொப், டெஸ்க்டொப் வீஜீஏ கார்ட்களை ஒப்பிடும் முறை

பழைய வீஜீஏ கார்ட் (திரையில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்ட்) ஒன்றையோ, வீஜீஏ உள்ள செக்கன்ட் ஹேன்ட் லெப்டொப் ஒன்றையோ வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது “எத்தனை ஜிபி?” என்றுதான். அடுத்தது “என்ன நம்பர்?”. மட்டக்களப்பு நகரிலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றிலும் சரி, விலை பேசப்படுவதும் இந்த இரண்டையும் வைத்துத்தான். ஆனால் கார்ட் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை இவை இரண்டும் சொல்லாது. உள்ளே இருப்பது எந்தச் சிப், அதோடு சேர்ந்த மெமரி எந்த வகை, அதற்கு எத்தனை வொட் கொடுக்கப்படுகிறது என்ற மூன்றும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. டெஸ்க்டொப் கார்ட் என்றால் முதலிரண்டையும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். லெப்டொப் என்றால் மூன்றாவதைப் பார்க்காமல் காசைக் கொடுக்கவே கூடாது.

நம்பருக்குப் பின்னால் வரும் ‘எம்’

2015 இன் தொடக்கத்தில் வந்த இரண்டை எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டொப்புக்கு வந்தது என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 960. லெப்டொப்புக்கு வந்தது ஜிடிஎக்ஸ் 960எம். டெஸ்க்டொப் 960 இல் 1024 கோர்கள், அதாவது சிப்பினுள் கணக்குப்போடும் சிறு அலகுகள். அதன் மெமரி செக்கனுக்கு 112 ஜிபி தரவைக் கடத்தும், கார்ட் முழுவதற்கும் 120 வொட் வேண்டும். 960எம் இல் இருப்பதோ 640 கோர்கள்தான், மெமரி வேகமும் செக்கனுக்கு 80 ஜிபி. இது 960 இன் சிப்பை வேகம் குறைத்துப் போட்டதல்ல, வேறு சிப். டெஸ்க்டொப் 960 இல் இருப்பது ஜிஎம்206. 960எம் இல் இருப்பது ஜிஎம்107, அதாவது 2014 இல் வந்த டெஸ்க்டொப் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்ட்டில் உள்ள அதே சிப். ஆகவே 960எம் லெப்டொப் ஒன்றை நிறுத்துப் பார்க்க விரும்பினால் பக்கத்தில் வைக்க வேண்டியது 750 டிஐ. 960 ஐ வைத்தால் கணக்குப் பிழைக்கும். 850எம், 950எம் ஆகியவையும் இதே ஜிஎம்107 குடும்பம்தான்.

அந்தக் காலத்து மற்ற லெப்டொப் கார்ட்களும் இப்படித்தான். டெஸ்க்டொப் 970 இல் 1664 கோர்கள், 970எம் இல் 1280. டெஸ்க்டொப் 980 இல் 2048, 980எம் இல் 1536. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் டெஸ்க்டொப் எச்டி 7970 இல் 2048 கோர்கள், லெப்டொப்புக்கான 7970எம் இல் 1280. அந்த 7970எம் இன் உள்ளே இருந்தது டெஸ்க்டொப் 7870 இன் சிப். பிறகு அதையே 8970எம் என்றும், ஆர்9 எம்290எக்ஸ் என்றும் பெயர் மாற்றி விற்றார்கள். நம்பர் ஏறிக்கொண்டே போனது, சிப் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதைவிடச் சிக்கலானது ஜிடிஎக்ஸ் 860எம். அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்கள் வந்தன. ஒன்று மெக்ஸ்வெல் (சிப் தலைமுறை ஒன்றுக்கு என்விடியா வைத்த பெயர்) குடும்பத்து ஜிஎம்107, 640 கோர்கள். மற்றது அதற்கு முந்திய கெப்லர் குடும்பத்து ஜிகே104, 1152 கோர்கள். கோர் கூடியதுதான் நல்லது என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். உண்மையில் மெக்ஸ்வெல் கோர் ஒன்று கெப்லர் கோர் ஒன்றைவிடக் கூடுதல் வேலை செய்யும், குறைந்த சூட்டில் ஓடும், டிரைவர் (கார்ட்டை இயக்கும் மென்பொருள்) ஆதரவும் அதற்குத்தான் நீண்ட காலம் கிடைத்தது. 860எம் லெப்டொப் கிடைத்தால் உள்ளே இருப்பது ஜிஎம்107 என்று உறுதிசெய்துவிட்டு வாங்குங்கள்.

இதனால்தான் கோர்களின் எண்ணிக்கையை ஒரே குடும்பத்துக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். கோர் எண்ணிக்கையைக் கிளொக்கால் (சிப் ஓடும் வேகம், மெகாஹேர்ட்ஸில்) பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் கார்ட்டின் கணக்குப்போடும் வேகம் கடதாசியில் கிடைக்கும். 960 க்கு அது ஏறத்தாழ 2.4 டெராஃப்ளொப்ஸ் (செக்கனுக்கு 2.4 இலட்சம் கோடி கணக்குகள்), 960எம் க்கு 1.5. இரண்டும் மெக்ஸ்வெல் என்பதால் இந்த ஒப்பீடு செல்லும். அதே கணக்கைக் கெப்லர் குடும்பத்து டெஸ்க்டொப் ஜிடிஎக்ஸ் 770 க்குப் போட்டால் 3.3 வரும். கேம்களில் ஓடவிட்டால் 770 உம் 960 உம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். அந்த வேகத்துக்கு 770 கேட்பது 230 வொட்.

2016 க்குப் பிறகு

மெக்ஸ்வெல்லுக்கு அடுத்த பஸ்கால் குடும்பத்தோடு (ஜிடிஎக்ஸ் 10 வரிசை) என்விடியா ‘எம்’ எழுத்தை எடுத்துவிட்டது. அதற்குத் தகுந்த காரணமும் இருந்தது. லெப்டொப் ஜிடிஎக்ஸ் 1060 இலும் டெஸ்க்டொப் 6 ஜிபி 1060 இலும் அதே சிப், அதே 1280 கோர்கள், அதே 192 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை). லெப்டொப்பில் கிளொக் சற்றுக் குறைவு. குளிரூட்டல் நல்ல நிலையில் இருந்தால் வித்தியாசம் பத்து வீதம் அளவில் நிற்கும். 1050 டிஐ இலும் இரண்டுக்கும் 768 கோர்கள். 1070 இல் லெப்டொப்புக்கு 2048 கோர்கள், டெஸ்க்டொப்புக்கு 1920. லெப்டொப்பில் கோரைக் கூட்டி, கிளொக்கைக் குறைத்து, வொட்டை மிச்சப்படுத்தினார்கள். பழைய கேமிங் லெப்டொப் தேடுகிறவருக்கு என் முதல் பரிந்துரை இந்தப் பஸ்கால் தலைமுறைதான். பெயரும் உள்ளிருப்பதும் கிட்டத்தட்ட ஒத்துப்போன காலம் அது.

அந்த ஒழுங்கு நீடிக்கவில்லை. 2017 இல் மெக்ஸ்-கியூ என்ற வகை வந்தது. அதே சிப், ஆனால் மெல்லிய லெப்டொப்புக்காக வொட் வெட்டப்பட்டது. முதலில் பெயரோடு ‘மெக்ஸ்-கியூ’ என்று சேர்த்துப் போட்டார்கள். 2021 இல் ஆர்டிஎக்ஸ் 30 லெப்டொப்கள் வந்தபோது அந்த ஒட்டும் போய்விட்டது. லெப்டொப் ஆர்டிஎக்ஸ் 3060 க்கு 60 வொட் முதல் 115 வொட் வரை எதையும் கொடுக்கத் தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு. 60 வொட்டில் அதன் பூஸ்ட் கிளொக் (வேலை கூடும்போது எட்டும் வேகம்) 1283 மெகாஹேர்ட்ஸ், 115 இல் 1703. இரண்டு லெப்டொப்பிலும் ஒட்டியிருப்பது ஒரே ஸ்டிக்கர். டெஸ்க்டொப் 3060 க்கோ 170 வொட்டும் 12 ஜிபி மெமரியும், லெப்டொப்பில் மெமரி 6 ஜிபிதான்.

மலிவான லெப்டொப்களில் வரும் எம்எக்ஸ்150 இலும் இதே கதைதான். 25 வொட் ஓடும் ஒரு வகை, 10 வொட் ஓடும் இன்னொரு வகை. முதலாவது 1500 மெகாஹேர்ட்ஸ் அளவுக்குப் போகும், இரண்டாவது 1000 ஐ ஒட்டி நிற்கும். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘டிவைஸ் ஐடி’ என்ற கட்டத்தைப் பாருங்கள். 1டி10 என்றிருந்தால் வேகமானது, 1டி12 என்றிருந்தால் மெதுவானது.

மெமரி: ஜிபியை விட வகை முக்கியம்

வீஜீஏ மெமரியின் ஜிபி அளவு குளத்தின் கொள்ளளவு என்றால், மெமரியின் வேகம் அந்தக் குளத்திலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலின் அகலம். குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் ஒடுக்கமென்றால் பயிர் வாடும்.

வாய்க்காலின் அகலத்தை நீங்களே கணக்கிடலாம். பஸ் அகலத்தை 8 ஆல் வகுத்து, மெமரியின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஜிடி 1030 ஐ எடுப்போம். அதன் பஸ் 64 பிட். 2017 இல் வந்த ஜிடிடிஆர்5 (வீஜீஏ கார்ட்டுக்கென்றே உள்ள வேகமான மெமரி) வகையில் மெமரி 6 ஜிகாபிட் வேகத்தில் ஓடும். 64 ஐ 8 ஆல் வகுத்தால் 8, அதை 6 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 48 ஜிபி. 2018 இல் அதே பெயரில் டிடிஆர்4 (சாதாரண கணினி ரெம் வகை) மெமரியோடு இன்னொன்று விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் 2.1 ஜிகாபிட். கணக்குப் போட்டால் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு. பல கேம்களில் இந்த இரண்டாவது 1030 முதலாவதின் பாதி வேகத்துக்குக் கிட்டத்தான் ஓடும். பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டுக்கும் ‘ஜிடி 1030 2 ஜிபி’ என்றுதான் பெரிதாக இருக்கும், மெமரி வகை சிறிய எழுத்தில் இருக்கும்.

ஜிடி 730 இலும் இதே பிரச்சினை. 96 கோர், 384 கோர் என்று இரண்டு வகைச் சிப், டிடிஆர்3, ஜிடிடிஆர்5 என்று இரண்டு வகை மெமரி. 64 பிட் டிடிஆர்3 வகைக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 14 ஜிபி, ஜிடிடிஆர்5 வகைக்கு 40. ‘4 ஜிபி 730’ என்று கேட்டதும் பெரிதாகத் தோன்றும், ஆனால் 4 ஜிபி பெரும்பாலும் டிடிஆர்3 இல்தான் வரும். அந்த 4 ஜிபியை நிரப்பக்கூடிய கேமை ஓட்டும் பலம் அந்தச் சிப்புக்கு இல்லை. லெப்டொப்களில் 940எம்எக்ஸ், 950எம் ஆகியவையும் இரண்டு மெமரி வகைகளில் வந்தன. ஏஎம்டியின் ரேடியன் ஆர்5 எம்330 போன்றவை 64 பிட் டிடிஆர்3 தான். அப்படிப்பட்ட லெப்டொப்புக்கு ‘2 ஜிபி கிராபிக்ஸ்’ என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். இரண்டு ரெம் போட்ட பிந்திய இன்டெல் லெப்டொப் ஒன்றின் உள்கிராபிக்ஸே அதற்குச் சளைக்காது.

கச்சான் காலத்து வெக்கை

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் வெப்பநிலை அவர்களின் அறைக்குரியது. கூலர் ஒன்று கார்ட்டை அறை வெப்பநிலையிலிருந்து இத்தனை பாகை மேலே நிறுத்தும், அவ்வளவுதான். 21 பாகை அறையில் 70 இல் நிற்கும் கார்ட், கச்சான் காற்று வீசும் மாதங்களில் 33 பாகை இருக்கும் நம் வீட்டு அறையில் 80 ஐத் தாண்டும். டெஸ்க்டொப் பஸ்கால் கார்ட்கள் பொதுவாக 83 பாகையை எட்டியதும் கிளொக்கைக் குறைக்கத் தொடங்கும். டெஸ்க்டொப்பில் கேஸிங்கின் பக்க மூடியைத் திறந்துவிடலாம், இன்னொரு ஃபேன் போடலாம். லெப்டொப்பில் பெரும்பாலும் புரொசெஸருக்கும் வீஜீஏக்கும் ஒரே ஹீட் பைப். புரொசெஸர் சூடானால் வீஜீஏயும் சேர்ந்து இறங்கும். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு கேம் இழுக்கத் தொடங்குவது இதனால்தான். பழைய லெப்டொப் என்றால் தூசி துடைத்து, தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

கடலோர ஊர்களுக்கு இன்னொன்று. காத்தான்குடி, கல்லடி, நிந்தவூர் போல உப்புக் காற்று படும் இடங்களில் ஓடிய கார்ட் என்றால் பின்பக்க இரும்புத் தகட்டையும் திருகாணிகளையும் பாருங்கள். அங்கே துரு ஏறியிருந்தால் ஹீட்சிங்கின் தகடுகளையும் மதர்போர்டில் செருகும் பொன்னிறப் பற்களையும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். பச்சைப் படிவோ, வெள்ளை மாப் படிவோ இருந்தால் விட்டுவிடுவது நல்லது. வெள்ளம் புகுந்த வீட்டில் நனைந்த மெஷினிலும் இதே அடையாளங்கள் இருக்கும்.

எஃப்பிஎஸ் ஒப்பிடும்போது

“என்ட லெப்டொப்பில அறுபது எஃப்பிஎஸ் ஓடுது” (செக்கனுக்கு அறுபது படம்) என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது திரையின் ரெசலூஷன். பழைய லெப்டொப்களில் 1366 x 768 திரை சாதாரணம். அதில் ஏறத்தாழ 10.5 இலட்சம் புள்ளிகள். டெஸ்க்டொப் மொனிட்டரின் 1920 x 1080 இல் 20.7 இலட்சம். வீஜீஏக்கு வேலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. கேம் ஒன்று, ரெசலூஷன் ஒன்று, செட்டிங் ஒன்று என்று மூன்றும் ஒத்தால்தான் ஒப்பீடு. 3டிமார்க் என்ற சோதனை மென்பொருளின் புள்ளி பார்க்கிறவர்கள் மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு ‘கிராபிக்ஸ் ஸ்கோர்’ என்ற வரியை எடுங்கள், மொத்தத்தில் புரொசெஸரின் புள்ளியும் கலந்திருக்கும். கெப்லர், மெக்ஸ்வெல் காலத்துக் கார்ட்களுக்கு அதிலுள்ள ஃபயர் ஸ்ட்ரைக் சோதனை பொருத்தமானது, டைம் ஸ்பை புதியவற்றுக்கு.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு

இங்கே கேம் வேகத்தைவிட வீடியோவைச் சுருக்கும், விரிக்கும் பகுதி சிப்பில் இருக்கிறதா என்பது முக்கியம். ஜிடி 1030 இலும் எம்எக்ஸ்150 இலும் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்வென்க் பகுதியே இல்லை. எடிட்டிங்குக்கென்று 1030 வாங்கினால் எக்ஸ்போர்ட் முழுவதும் புரொசெஸரின் தலையில்தான் விழும். 750 டிஐ இலும் 960எம் இலும் எச்.264 (பழைய வீடியோ சுருக்க முறை) எக்ஸ்போர்ட் உண்டு, எச்.265 (அதற்கு அடுத்தது) இல்லை. டெஸ்க்டொப் 960 இல் இரண்டும் உண்டு. இப்போதைய பல போன்கள் எச்.265 இல் எடுப்பதால், 960 க்கும் 960எம் க்கும் உள்ள தூரம் எடிட்டிங் மேசையில் இன்னும் கூடத் தெரியும். குறைந்த செலவில் எடிட்டிங் என்றால் 1050 டிஐ க்குக் கீழே இறங்க வேண்டாம். கமெராவில் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடிய வகை) எச்.265 எடுக்கிறவர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 50 க்கு முந்திய எந்த என்விடியா கார்ட்டும் அதை ஹார்ட்வெயாரில் விரித்துத் தராது. அந்தக் காசைப் பிந்திய தலைமுறை இன்டெல் புரொசெஸரில் போடுவது புத்தி.

கடையில் உட்கார்ந்து பார்ப்பது

“நானா, இந்தக் கார்ட ஒரு பதினைஞ்சு நிமிசம் ஓடவிட்டுப் பாக்கலாமா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். பென் டிரைவில் ஜிபியூ-இசட், ஃபர்மார்க் (கார்ட்டை முழுப் பாரத்தில் ஓடவிடும் சோதனை மென்பொருள்) இரண்டையும் கொண்டுபோங்கள்.

ஜிபியூ-இசட் திறந்ததும் பெயர் இருக்கும் மேல் வரியை நம்பாமல், இரண்டாவது வரியில் உள்ள சிப் பெயரைப் படியுங்கள். அடுத்து ‘ஷேடர்ஸ்’ (கோர் எண்ணிக்கை), ‘மெமரி டைப்’, ‘பஸ் வித்’, ‘பேன்ட்வித்’ (மெமரி வேகம்). 1050 டிஐ என்றால் இவை 768, ஜிடிடிஆர்5, 128 பிட், 112 ஜிபி என்று இருக்க வேண்டும். ஷேடர்ஸ் 192 என்று காட்டினால் அது உள்ளே பதிந்த மென்பொருளான பயோஸை மாற்றிப் பெயர் ஒட்டிய பழைய ஜிடிஎஸ் 450 அல்லது ஜிடிஎக்ஸ் 550 டிஐ. 2018 க்குப் பிந்திய ஜிபியூ-இசட் இதைப் போலி என்று தானே எழுதிக் காட்டும். மென்பொருள் இல்லாமலும் ஓர் அடையாளம் உண்டு: பஸ்கால் சிப் எதுவும் அனலொக் வீடியோ தராது. 1050 டிஐ என்று சொல்லும் கார்ட்டில் பழைய மொனிட்டர் வயர் செருகும் நீல நிற பிளக் (அதற்கும் வீஜீஏ என்றே பெயர்) இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048 ஷேடர்ஸ் காட்டினால் அது உண்மையில் 570 அளவுக்குரிய வகை, முழு 580 க்கு 2304. விலையை 570 இன் விலைக்கு இறக்கிக் கேளுங்கள்.

பிறகு ‘சென்சர்ஸ்’ பக்கத்தைத் திறந்துவைத்து ஃபர்மார்க்கை ஓடவிடுங்கள். வெப்பநிலை, கிளொக், வொட் மூன்றும் எங்கே போய் நிலைக்கின்றன என்று பாருங்கள். அதே பக்கத்தில் ‘பெர்ஃப்கெப் ரீசன்’ என்ற வரி உண்டு. ‘பவர்’ என்று காட்டினால் வொட் எல்லையில் ஓடுகிறது, அது இயல்பு. ‘தெர்மல்’ என்று காட்டினால் சூட்டால் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. திரையில் புள்ளி, கோடு, சதுரம் மின்னினால் மெமரியிலோ சிப்பிலோ பழுது. கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்ட்களில் இதையும் ஃபேன் சத்தத்தையும் கூர்ந்து பாருங்கள்.

லெப்டொப் என்றால் இந்தச் சோதனையை சார்ஜர் செருகித்தான் செய்ய வேண்டும். பெட்டரியில் எல்லா லெப்டொப்பும் வொட்டைக் குறைக்கும். சார்ஜரின் ஸ்டிக்கரையும் படியுங்கள். 135 வொட் சார்ஜரோடு வந்த லெப்டொப்புக்கு 65 வொட் சார்ஜர் கொடுத்து விற்றால் வீஜீஏ அரை வேகத்தில்தான் ஓடும், பழுது வீஜீஏயில் என்று நினைப்பீர்கள். ஆர்டிஎக்ஸ் 30 லெப்டொப் என்றால் என்விடியா கன்ட்ரோல் பெனலின் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தில் அதிகபட்ச வொட் எழுதியிருக்கும்.

டெஸ்க்டொப் கார்ட்டுக்கு இன்னொரு கணக்கு. மதர்போர்ட் ஸ்லொட் தருவது 75 வொட், 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் 150. அலுவலகங்களிலிருந்து வரும் சிறிய கேஸிங் டெல், எச்பி மெஷின்களில் இந்த வயர்கள் இருக்காது, சிலவற்றில் ஸ்லொட்டே முழு 75 ஐத் தராது. கேஸிங் ஒடுக்கமென்பதால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்ட் மட்டும்தான் போகும். அப்படியான மெஷினுக்கு லோ புரொஃபைல் 1050 டிஐ அல்லது ஜிடிடிஆர்5 வகை 1030, அதற்கு மேலே போகாதீர்கள்.

டிரைவர் எத்தனை காலம்

கெப்லர் லெப்டொப் சிப்களுக்கு வழமையான டிரைவர்களை என்விடியா 2019 ஏப்ரலில் நிறுத்தியது. டெஸ்க்டொப் கெப்லர்களுக்கு 2021 வரை கொடுத்தது, அதன் பிறகு 2024 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஒரே தலைமுறைக்குள்ளும் லெப்டொப் முதலில் கைவிடப்பட்டது. மெக்ஸ்வெல், பஸ்கால் இரண்டுக்கும் கேம் டிரைவர்கள் 2025 ஒக்டோபரோடு முடிந்தன, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய கேம்களுக்கும் எடிட்டிங்குக்கும் இது தடையில்லை. புதிதாக வரும் கேம்களை ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 1050 டிஐ, 1060 ஐ விட்டுவிட்டு ஜிடிஎக்ஸ் 1650 இலிருந்து தேடத் தொடங்குங்கள். அதிலும் டெஸ்க்டொப்புக்கு 896 கோர்கள், 75 வொட், லெப்டொப்புக்கு 1024 கோர்கள், வழமையாக 50 வொட். லெப்டொப்பில் ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 என்று இரண்டு மெமரி வகைகள் வந்தன, ஜிடிடிஆர்6 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.